தெரியாத வீட்டு வேலையைக் கையில் எடுப்பதும் தெரியாதவர்களிடம் யோசனை கேட்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஹார்டுவேர் கடைக்கு வருகிறவர்கள் பலர் இப்போது கைபேசியை நீட்டி, "இதில் ஒருவர் சொல்லியிருக்கிறார், இந்தச் சாமான் இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள். சொன்னவர் யார், எந்த ஊர்க்காரர், எந்தச் சுவரைப் பார்த்துச் சொன்னார் என்பது கேட்பவருக்குத் தெரியாது. அந்த யோசனை சில நேரம் அருமையானதாக இருக்கிறது. சில நேரம் உயிருக்கே ஆபத்தானதாக இருக்கிறது. கடையில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் சந்தேகங்களையும் அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாமே தமிழ்நாட்டுச் செங்கல் வீட்டையும் 230 வோல்ட் மின்சாரத்தையும் மனத்தில் வைத்து எழுதியவை.

எனக்கு ஓர் ஆணி அடிக்கக்கூடத் தெரியாது. எந்த வேலையில் கை வைக்கலாம்?

தவறாகப் போனாலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடிகிற வேலையில். சொட்டுகிற குழாய்க்கு வாஷர் மாற்றுவது, சிங்க் கழிவுக் குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்வது, ஃப்ளஷ் டேங்க் மிதவையைச் சரிசெய்வது போன்றவை. இவற்றில் மிஞ்சிப்போனால் தரை நனையும். கேட் வால்வை மூடினால் தண்ணீர் நின்றுவிடும். ஆனால் அந்த வால்வு எங்கே இருக்கிறது, முழுதாக மூடுகிறதா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். வருடக்கணக்கில் திருகாமல் கிடந்த வால்வு இறுகிப்போயிருக்கும், அல்லது மூடிய பிறகும் கசியும்.

பல சுற்று திருகி மூடுகிற பழைய குழாயில் ரப்பர் வாஷர் இருக்கும். கால் சுற்றிலேயே மூடுகிற குழாயில் அது கிடையாது. உள்ளே பீங்கான் தகடு வைத்த ஸ்பிண்டில் இருக்கும், அதையே முழுதாக மாற்ற வேண்டும். எதைக் கழற்றினாலும் பழைய பாகத்தைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். படத்தில் ஒன்றுபோலவே தெரிகிற இரண்டு ஸ்பிண்டில்களின் தலையில் பல் எண்ணிக்கை வேறாக இருக்கும். உங்கள் கைப்பிடி ஒன்றில் மட்டும்தான் உட்காரும்.

யார் என்ன சொன்னாலும் தொடவே கூடாத வேலை உண்டா?

உண்டு. முதலாவது, செப்டிக் டேங்க். அதற்குள் யாரும் இறங்கக் கூடாது. நீங்களும் கூடாது, கூலிக்கு ஆளை இறக்கவும் கூடாது. உள்ளே தேங்குகிற ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு அளவு கூடும்போது மூக்கின் உணர்வையே மழுங்கடித்துவிடும். நாற்றம் இல்லையே என்று இறங்கியவரும், அவரைத் தூக்கப் பின்னால் இறங்கியவரும் சேர்ந்து இறந்துபோகிறார்கள். பாதுகாப்பு இல்லாமல் இதற்கு ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். லாரியை வரவழைத்துக் குழாய் விட்டு உறிஞ்சுவதுதான் வழி. நெடுநாள் மூடிக் கிடந்த சம்பிலும் உயிர்க்காற்று குறைந்திருக்கலாம், கவனம்.

அடுத்தது சமையல் எரிவாயு. அடுப்பையும் ரெகுலேட்டரையும் துடைப்பது, குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் காலக்கெடுவைப் பார்ப்பது உங்கள் வேலை. கசிவு வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் போடாமல், அணைக்காமல், ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழையுங்கள். மின்வாரிய மீட்டர், அதற்கு வரும் சர்வீஸ் வயர், தூண், உத்தரம், ஆஸ்பெஸ்டாஸ் கூரையை அறுப்பது ஆகியவற்றிலும் கை வைக்க வேண்டாம். அறுத்த ஆஸ்பெஸ்டாஸ் தூசியின் கெடுதல் பல வருடம் கழித்து நுரையீரலில்தான் தெரியும்.

இவ்வளவு சின்ன விஷயத்தைக் கேட்டால் கேலி செய்வார்களே?

சிலர் செய்வார்கள். அவர்களைக் கடந்து போங்கள். கைவேலை தெரிந்தவர்களில் பலருக்குச் சொல்லிக்கொடுப்பது பிடிக்கும். பிறருடைய மோட்டார் ஓட வேண்டும் என்பதற்காக ராத்திரி உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். வெட்கப்பட்டுக் கேட்காமல் பிரிக்கிறவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எப்படிக் கேட்பது?

"மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை, என்ன செய்வது?" என்று எழுதினால் பதில் எழுதுகிறவருக்கு ஊகிப்பதைத் தவிர வழியில்லை. அவர் ஊகிப்பார். நீங்கள் அதற்கெல்லாம் பணம் செலவழிப்பீர்கள்.

இப்படி எழுதிப் பாருங்கள்: "அரை எச்பி மோனோபிளாக் மோட்டார். சம்பிலிருந்து மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றுகிறது. ஓடுகிற சத்தம் வழக்கம்போல்தான் இருக்கிறது, தண்ணீர் மட்டும் ஏறவில்லை. போன வாரம் சம்பைக் கழுவினோம். அதற்குப் பிறகுதான் இப்படி. பிரைமிங் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றினால் நிரம்பாமல் இறங்கிக்கொண்டே இருக்கிறது." இதைப் படித்ததும் விஷயம் தெரிந்தவர் ஃபூட் வால்வைப் பார்க்கச் சொல்லிவிடுவார். குழாயின் அடியில் இருக்கும் அந்த வால்வில், கழுவும்போது கிளம்பிய குப்பை சிக்கி அது மூடாமல் நிற்கலாம். ஊற்றுகிற தண்ணீர் அதன் வழியே சம்புக்கே திரும்புகிறது. கூடவே, தண்ணீர் இல்லாமல் மோட்டாரை ஓட விடாதீர்கள், சீல் கருகிவிடும் என்றும் எச்சரிப்பார்.

வித்தியாசத்தைக் கவனியுங்கள். என்ன பொருள், முன்பு எப்படி இருந்தது, எதற்குப் பிறகு மாறியது, நீங்கள் என்ன செய்து பார்த்தீர்கள், அப்போது என்ன நடந்தது. இந்த ஐந்தில் "எதற்குப் பிறகு" என்பதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பழுதின் காரணம் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

புகைப்படம் போட்டேன், "தெளிவாக இல்லை" என்கிறார்கள்.

தூரத்திலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, பெயர்த்தகடு ஒன்று. தூரத்துப் படத்தில் குழாய் எங்கிருந்து எங்கே போகிறது என்பது தெரிய வேண்டும். பக்கத்துப் படத்தில் அளவு தெரிய ஒரு நாணயத்தை வையுங்கள். எதையும் கழற்றும் முன்பே எடுங்கள். மீட்டர் எண், வீட்டு விலாசம், ரசீது போன்றவை படத்தில் விழக் கூடாது.

பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்கிறார்கள். யாரை நம்புவது?

உங்களைத் திருப்பிக் கேள்வி கேட்டவரை முதலில் கவனியுங்கள். "எந்த நேரத்தில் அதிகமாக ஒழுகுகிறது? மேலே யார் வீட்டுக் குளியலறை?" என்று கேட்கிறவர் உங்கள் வீட்டை மனக்கண்ணில் பார்க்க முயல்கிறார். ஒரு வரியில் ஒரு பொருளின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர் அப்படிப் பார்க்கவில்லை.

இரண்டாவது, காரணம் சொல்கிறாரா என்று பாருங்கள். காரணத்தை நீங்கள் சோதிக்க முடியும். "ஃபூட் வால்வு ஒழுகுகிறது" என்றால் பிரைமிங் தண்ணீர் இறங்குவதைப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். "புது மோட்டார் வாங்குங்கள்" என்பதைச் சோதிக்க வழியே கிடையாது. இருவர் சொல்வதும் நியாயமாகப் பட்டால், குறைந்த செலவில் பழைய நிலைக்குத் திரும்ப முடிகிற யோசனையை முதலில் செய்து பாருங்கள்.

எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னால் நம்பலாம்தானே?

ஒருவர் எழுதியதைப் படித்துவிட்டு மற்றவர்கள் ஆமோதித்திருக்கலாம். தலைகளை எண்ணாதீர்கள். அவர்களில் எத்தனை பேர் இதே வேலையைத் தம் கையால் செய்தவர்கள், அது எவ்வளவு காலம் நின்றது என்று கேளுங்கள். தயாரிப்பாளரின் கையேட்டில் வேறு மாதிரி இருந்தால் கையேட்டின்படியே செய்யுங்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் தரும் பதிலுக்கும் முந்தைய கேள்வியில் சொன்ன சோதனைகள்தான்.

மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறது. கண்டன்சர் மாற்றினால் போதும் என்கிறார்கள். நானே மாற்றலாமா?

முதலில் கண்டன்சர்தான் (விசிறி கிளம்ப உதவும் மின்தேக்கி) காரணமா என்று பாருங்கள். வீட்டில் எல்லா விசிறிகளும் மெதுவாக ஓடினால் அது வோல்டேஜ் குறைவு. ரெகுலேட்டரை முழுதாக வைத்தும் ஒன்று மட்டும் மந்தமாக இருந்தால், அணைத்துவிட்டு இறக்கையைக் கையால் சுற்றுங்கள். கரகரவென்று இறுக்கமாகச் சுற்றினால் பேரிங். இலேசாகச் சுற்றி, ஆனால் ஸ்விட்ச் போட்டால் கிளம்பத் திணறினால் பெரும்பாலும் கண்டன்சர்தான்.

மாற்றுவதாக இருந்தால் சுவர் ஸ்விட்சை அணைப்பது போதாது. சில வீடுகளில் ஸ்விட்ச் நியூட்ரலில் (மின்சாரம் திரும்பிப் போகும் வயரில்) போடப்பட்டிருக்கும். ஸ்விட்ச் அணைந்திருந்தாலும் மேலே ஃபேஸ் (மின்சாரம் வரும் வயர்) உயிரோடு இருக்கும். மெயின் பெட்டியில் உள்ள எம்சிபியை (மின்சாரம் அளவு மீறினால் தானே விழும் ஸ்விட்சை) இறக்குங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணையுங்கள். மெயினை அணைத்த மாத்திரத்தில் இன்வெர்ட்டர் விழித்துக்கொண்டு அதே விசிறிக்கு மின்சாரம் அனுப்பும். பிறகு டெஸ்டரை, மின்சாரம் இருப்பது தெரிந்த ஓர் இடத்தில் வைத்து அது எரிகிறதா என்று பாருங்கள். அடுத்து விசிறியில். மறுபடியும் தெரிந்த இடத்தில். டெஸ்டரே பழுதாகிக் கிடந்தால் அது எல்லா இடத்திலும் "பாதுகாப்பு" என்றுதான் காட்டும்.

கண்டன்சரின் இரண்டு கால்களையும் காப்புள்ள பிடி போட்ட ஸ்க்ரூடிரைவரால் ஒருமுறை இணைத்து, மிச்ச மின்னூட்டத்தை வெளியேற்றிவிடுங்கள். வயர்களைப் படம் எடுத்துக்கொண்டு கழற்றுங்கள். கண்டன்சருக்கு வரும் இரண்டு வயர்களில் எது எந்தக் காலில் சேர்ந்தாலும் கேடில்லை. ஆனால் அந்த வயர்களின் மறுமுனை போய்ச் சேரும் இடங்கள் மாறக் கூடாது. பழையதில் 2.5 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருந்தால் 2.5 தான் வாங்க வேண்டும். "3.15 போட்டால் வேகம் கூடும்" என்ற யோசனையுடன் கடைக்கு வருகிறவர்கள் உண்டு. அந்த வேகத்துக்கு வைண்டிங் (விசிறிக்குள் சுற்றியிருக்கும் கம்பி) சூடாகும். நான் விற்க மறுத்துவிடுவேன்.

வெளிநாட்டுக் காணொளி மிகத் தெளிவாக இருக்கிறது. அதைப் பார்த்து வயரிங் செய்யலாமா?

வேண்டாம். நம் வீடுகளில் வழக்கமாகச் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். மும்முனை இணைப்பில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றுமே ஃபேஸ். அமெரிக்காவில் கறுப்பில்தான் மின்சாரம் வரும், வெள்ளை நியூட்ரல். அங்கே வீட்டுச் சாக்கெட்டில் 120 வோல்ட்தான். பிரிட்டனில் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல். அந்தக் காணொளியைப் பார்த்து "நீலம்தானே, நியூட்ரல்" என்று நம் ஊர் மும்முனை வீட்டில் தொட்டால் உயிர் போகும். நம் வீட்டிலேயேகூட, கையில் இருந்த வயரைப் போட்டு முடித்த எலக்ட்ரீஷியன் உண்டு. ஆகவே நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், சோதித்துப் பாருங்கள்.

சுவர் விஷயமும் அப்படித்தான். மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த அமெரிக்கச் சுவருக்கான திருகும், திருகைப் பிடிக்கத் துளையில் செருகும் பிளக்கும் நம் செங்கல்லுக்கு உதவாது. குழாய் வேலை, தச்சு வேலை ஆகியவற்றின் கைப்பழக்கத்தை அவர்களிடம் தாராளமாகக் கற்கலாம்.

எல்லாவற்றையும் அணைத்துவிட்டேன், ஆனாலும் டெஸ்டர் எரிகிறது. அப்படியே வேலை செய்யலாமா?

கூடாது. முதல் சந்தேகம் மேலே சொன்ன இன்வெர்ட்டர். அடுத்தது, பக்கத்து வயரிலிருந்து தூண்டப்படும் மின்சாரம். அதில் டெஸ்டர் மங்கலாக எரியும். ஆனால் அது மங்கலா, உண்மையான மின்சாரமா என்று கண்ணால் தீர்மானிப்பது சூதாட்டம். காரணம் தெரிகிறவரை அந்தப் பெட்டியை மூடி வையுங்கள்.

இதோடு தொடர்புடைய ஒன்று. மின்சாரம் இருக்கும்போதே சாக்கெட்டின் இரண்டு துளைகளிலும் டெஸ்டர் எரிந்தால் நியூட்ரல் எங்கோ அறுந்திருக்கிறது. மும்முனை வீட்டில் சில விளக்குகள் கண் கூசும்படியும் சில மங்கலாகவும் எரிந்தால், வரும் நியூட்ரலே போயிருக்கிறது என்று பொருள். இணையத்தில் கேள்வி எழுத நேரமில்லை. உடனே மெயினை அணைத்துவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். தாமதித்தால் டிவியும் ஃபிரிட்ஜும் சேர்ந்து எரியும்.

எம்சிபி அடிக்கடி விழுகிறது. 16-ஐ எடுத்துவிட்டு 32 ஆம்பியர் போடச் சொன்னார் ஒருவர். சரியா?

நான் கேட்டதிலேயே மிக மோசமான யோசனைகளில் இது ஒன்று. எம்சிபி காப்பது உங்கள் மிக்ஸியை அல்ல, சுவருக்குள் ஓடுகிற வயரை. 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு வழக்கமாக இழுப்பது 2.5 சதுர மில்லிமீட்டர் வயர். அதற்கு 32 போட்டால் வயர் சூடாகி, காப்பு உருகும்போதும் எம்சிபி விழாது. ஒரே லைனில் கீசரும் வாஷிங் மெஷினும் இருக்கின்றனவா, எதைப் போட்டதும் விழுகிறது என்று பார்த்துக் கேளுங்கள். ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் தானே விழும் ஸ்விட்ச்) விழுந்தால் அது வேறு: எங்கோ மின்கசிவு. அதை நேரடி இணைப்பாக்கித் தாண்டிப் போகாதீர்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவில் அது விழுவது உங்கள் குழந்தைக்காக.

சுவரில் உப்புப் பூத்து பெயின்ட் உரிகிறது. வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்தால் போதும் என்கிறார்களே?

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அடித்தால், அடுத்த மழைக்கு அதே இடத்தில் உரியும். ஒரு சோதனை: சுவரைத் துடைத்துவிட்டு, இரண்டு முழம் பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஓரிரு நாள் விடுங்கள். தாளுக்கு உள்பக்கம் வியர்த்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வியர்த்தால் அறைக் காற்றின் ஈரம்.

பிறகு இடத்தைப் பாருங்கள். தரையிலிருந்து மேலேறினால் அடித்தளத்து ஈரம். கூரையிலிருந்து இறங்கினால் மொட்டைமாடித் தட்டோட்டின் இணைப்பு அல்லது கைப்பிடிச்சுவரின் அடி. மழையே இல்லாத மே மாதத்திலும் ஈரம் மாறாமல் இருந்தால் குழாய் கசிவு. தண்ணீர் நுழைகிற பக்கத்தில் அடைக்க வேண்டும். வெளியேறுகிற பக்கத்தில் பட்டி பார்ப்பது வெறும் மூடாக்கு. தாள் எந்தப் பக்கம் வியர்த்தது, ஈரம் எங்கே தொடங்குகிறது, மழை இல்லாதபோதும் இருக்கிறதா என்ற மூன்று தகவல்களோடு கேட்டால்தான் பதில் சொல்கிறவர் பொருள் பெயரை விட்டுக் காரணத்துக்கு வருவார்.

நான் டிரில்லைத் தொட்டாலே "பெண்ணுக்கு எதற்கு இது" என்கிறார்கள். ஒரு அலமாரி மாட்ட வேண்டும்.

டிரில்லுக்கு ஆண், பெண் தெரியாது. ஸ்விட்ச் பெட்டிக்கு நேர் மேலும் நேர் கீழும் வயர் ஓடும்; வெளியே தெரிகிற தண்ணீர்க் குழாய்க்கு நேர் மேலே சுவருக்குள் குழாய் ஓடும். அந்தக் கோடுகளைத் தவிருங்கள். கண்ணாடி அணியுங்கள். சுவருக்கான 6 மில்லிமீட்டர் பிட்டில், பிளக்கின் நீளத்தைவிடச் சற்றே அதிகமாக அளந்து, அந்த இடத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றி அடையாளம் வையுங்கள்.

துளைக்கும்போது விழுகிற தூளைப் பாருங்கள். முதலில் சாம்பல் நிறம்: அது பூச்சு. பிறகு சிவப்பு: செங்கல் வந்துவிட்டது. பிளக் அந்தச் சிவப்புக்குள் உட்கார வேண்டும். பூச்சில் மட்டும் நின்றால் அலமாரி ஒருநாள் பெயர்ந்து விழும். சாம்பல் நிறமே தொடர்ந்து, பிட் நகரவும் மறுத்தால் கான்கிரீட். கம்பி தட்டினால் நிறுத்திவிட்டு இடத்தை மாற்றுங்கள்.

வாடகை வீட்டில் இதையெல்லாம் செய்யலாமா?

வாஷர், விளக்கு, ஷவர் தலை போன்றவற்றைச் செய்யலாம். துளை, வயர், சுவர் என்றால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கைபேசிச் செய்தி போதும். கழற்றிய பழைய பொருளைப் பத்திரமாக வையுங்கள்.

பாதியில் மாட்டிக்கொண்டேன். பிரித்தது சேரவில்லை. இப்போது?

மேலும் பிரிக்காதீர்கள். தண்ணீரையோ மின்சாரத்தையோ அணைத்து, திறந்த வயர் முனைகளுக்கு டேப் சுற்றி, திருகுகளை ஒரு டப்பாவில் போட்டு, இருக்கிற நிலையைப் படம் எடுங்கள். பிறகு கேளுங்கள், அல்லது ஆளைக் கூப்பிடுங்கள்.

வருகிற பிளம்பரிடமோ எலக்ட்ரீஷியனிடமோ செய்தது எல்லாவற்றையும் சொல்லுங்கள். மறைத்தால் அவர் தவறான இடத்தில் தேடுவார். சில நேரம் அது அவர் உயிருக்கே ஆபத்து. இணையத்தில் படித்ததை வைத்து அவருக்குப் பாடம் நடத்த வேண்டாம். "அண்ணே, இப்படிப் படித்தேன், சரிதானா?" என்று கேட்டால், நல்ல வேலைக்காரர் காரணத்தோடு சொல்லித்தருவார். பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார் என்று கூலியைக் குறைக்காதீர்கள். அந்தப் பத்து நிமிடத்துக்குப் பின்னால் எத்தனையோ வருட உழைப்பு இருக்கிறது.

உதவுகிறேன் என்று ஒருவர் தனியாகச் செய்தி அனுப்பினார். பதில் போடலாமா?

பேச்சைப் பொதுவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பொதுவில் தவறாகச் சொன்னால் வேறொருவர் திருத்துவார். தனிச் செய்தியில் திருத்த ஆளில்லை. கைபேசித் திரையைப் பகிரச் சொன்னாலோ, ஒரு செயலியை நிறுவச் சொன்னாலோ, முன்பணமோ ஓடிபியோ கேட்டாலோ அவர் மோசடிக்காரர். நிறுவனத்தின் சேவை எண்ணைத் தேடும்போதும் கவனம்: போலி எண்கள் உலவுகின்றன. பொருளோடு வந்த அட்டையில் இருப்பதைப் பாருங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணை அழையுங்கள்.

அவர்கள் சொன்னபடி செய்து கெட்டுப்போனால் யார் பொறுப்பு?

நீங்கள்தான். உத்தரவாதக் காலத்தில் இருக்கும் பொருளைத் திறந்தால் பெரும்பாலும் அந்த உத்தரவாதமும் போகும். அதனால்தான் முதல் கேள்வியிலேயே, திரும்பக் கொண்டுவர முடிகிற வேலையா என்று பார்க்கச் சொன்னேன். சொன்னவர் நல்லவராகவே இருக்கலாம். உங்கள் சுவரை அவர் தொட்டுப் பார்த்ததில்லை.

வேலை முடிந்துவிட்டது. பதில் சொன்னவர்களுக்கு என்ன சொல்வது?

என்ன செய்தீர்கள், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று அதே இடத்தில் எழுதுங்கள். மாடல் எண், வாங்கிய பாகத்தின் அளவு எல்லாவற்றையும் சேருங்கள். நன்றியைவிட அது அவர்களுக்கு அதிகம் உதவும். "சரியாகிவிட்டது" என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால், இரண்டு வருடம் கழித்து அதே மோட்டாரோடு தேடி வருகிறவருக்கு ஒன்றும் கிடைக்காது. ஒழுகலாக இருந்தால் ஒரு மழைக்காலம் கழிந்ததும் மறுபடி வந்து, நின்றதா இல்லையா என்று இன்னொரு வரி சேருங்கள்.